ரத்தம் பார்க்காமல் எடுத்த பெண்

வர்ஷினியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த அன்று பொழுது சாய்வதற்குள் அது நாற்பத்தேழு பேருக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தெட்டாவதாகத்தான் அவளுக்கே தெரிந்தது.

வெள்ளகோவிலில் ஒரு மெட்ரிக் பள்ளியில் அவள் இயற்பியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம் நடத்திவிட்டு வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே போனைப் பார்த்தாள். புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐம்பதுக்கு மேல் செய்திகள் குவிந்து கிடந்தன. மாமனார் சுப்பண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய பெயர், அவளுடைய வயது, அவளுடைய ரத்தம். 'ஆல்பா தலசீமியா கேரியர்' என்ற வரியைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிடு போடும் பொம்மைகள், கண்ணீர் விடும் பொம்மைகள். 'ஆண்டவன் சோதிக்கிறான்.' 'இது ஒட்டிக்குமா மாமா?' 'பொண்ணு பாக்கப் போனப்பவே வெளிறித்தான் இருந்துச்சு, நான் அப்பவே சொன்னேன்.'

அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது ஒருத்தருக்கும் நினைவில்லை. நினைவிருந்திருந்தாலும் யாரும் நிறுத்தியிருக்கப்போவதில்லை.

உடனே கணவன் மிதுனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, என்னோட ரிப்போர்ட் எப்படீங்க குரூப்புக்குப் போச்சு?"

"ஆஸ்பத்திரியில என்ற மெயில் ஐடிதானே குடுத்திருந்தோம். வந்துச்சு. அப்பாவுக்கு மட்டுந்தான் அனுப்பினேன். அவரு போட்டுட்டாரு."

"எனக்கு ஏனுங்க அனுப்பல?"

"நீ கிளாஸ்ல இருப்பேன்னு உட்டுட்டேன். இதென்ன பெரிய விசயம், வெளியாளா? எல்லாம் நம்ம ஒறம்பரைதானே."

ஒறம்பரை. சொந்தக்காரர்களுக்கு ஒரு பெண்ணின் ரத்தத்தை வட்டம் போட்டுக் காட்டினால் அது வெளியில் போனதாகாது போலிருக்கிறது. அவள் போனை வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் கோடு போடும்போது சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் விமலாராணி ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தையின் உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. வயிறு, நெஞ்சு, தலையின் தோல் எல்லாம் வீங்கியிருந்தன. இரண்டு நாள் கழித்து உயிரில்லாமல் பிறந்தது, பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது வர்ஷினி அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். மிதுன் பார்க்கவில்லை. வராந்தாவில் போய் நின்றுகொண்டான்.

தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நம்ம பக்கம் இது அபூர்வம்தான், ஆனா இல்லாம இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில பிடிபடாது, மரபணு டெஸ்ட்தான் செய்யணும். ரெண்டு பேரும் குடுங்க. ரெண்டு பேரும்."

இரண்டு தடவை சொன்னார். வர்ஷினிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு மிதுன் சிரித்துக்கொண்டே, "நான் வருசா வருசம் ரத்ததானம் பண்றவனுங்க டாக்டர், எனக்கு என்ன வந்துடப்போவுது? அடுத்த வாரம் வந்து குடுத்துடறேன்" என்றான். வர்ஷினி அன்றே கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஊசியும் புதிதில்லை, ரத்தமும் புதிதில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே 'ரத்தம் கம்மி' என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையை விழுங்க வைத்திருக்கிறார்கள். வயிறு கட்டிக்கொள்ளும், குமட்டும். ஏறவே ஏறாது. ஏறவில்லை என்றால், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்பார்கள். கல்யாணமான பிறகு மாமியார் சென்னியம்மாள் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகத் திணித்தார். குழந்தை போன பிறகு, "சொன்னாக் கேட்டுச் சாப்பிட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா கண்ணு?" என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் அதிகமாகக் குத்தியது.

ரிப்போர்ட் வந்த மறுநாள் சுப்பண்ணன் காங்கேயத்துக்குப் போன் போட்டு வர்ஷினியின் அப்பா திருமலைசாமியிடம் பேசினார். "ஞாயித்துக்கெழமை ஒரு நடை வந்துட்டுப் போங்க சம்பந்தி. கொஞ்சம் பேசணுமுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

என்ன பேச்சு என்று வர்ஷினி கேட்டபோது சென்னியம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டார். மிதுனின் தங்கை மோகனப்பிரியா மட்டும், துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "உங்களை உங்கப்பா ஊட்டுலயே உட்டுடறதுன்னு பேசிக்கறாங்க அண்ணி."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல், கரூரிலிருந்து வந்த கோவை பஸ்ஸில் வர்ஷினி ஏறி உட்கார்ந்தாள். தன்னை எதற்காக விடப்போகிறார்கள் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

டாக்டர் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மரபணு ஆலோசகராக இருந்த கெசியா என்ற பெண் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வர்ஷினியின் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேனுங்க மேடம். உங்களுக்கு நோய் இல்லை. நீங்க கேரியர். சிவப்பணு கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்வளவுதான். பாக்கறவங்க ரத்தசோகைன்னு நெனச்சுக்குவாங்க. இரும்புச்சத்து நிறைய சாப்பிட்டிருப்பீங்களே?"

"பதினஞ்சு வருசமா."

"உடம்புல இரும்பு எவ்வளவு இருக்குன்னு எப்பவாவது டெஸ்ட் எடுத்தாங்களா?"

இல்லை என்று வர்ஷினி தலையாட்டினாள். ஒருத்தர்கூட எடுத்ததில்லை. பதினைந்து வருசமாக எத்தனை டாக்டர்கள்! முகத்தைப் பார்த்ததும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கெசியா தாளில் நான்கு கோடு போட்டாள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. "ஆல்பா ஜீன் ஒவ்வொருத்தருக்கும் நாலுங்க. அம்மாகிட்டருந்து ரெண்டு, அப்பாகிட்டருந்து ரெண்டு. உங்களுக்கு ஒரு பக்கத்து ரெண்டும் சரியா இருக்கு. இன்னொரு பக்கத்துல ரெண்டுமே இல்லை." வலப்பக்கக் கோடுகளை அடித்தாள். "பாப்பாவுக்கு இந்த இல்லாத பக்கம் போயிருக்கு. ஆனா அதனால மட்டும் பாப்பா போயிருக்காது. உங்களை மாதிரியே இருந்திருக்கும். படிச்சிருக்கும், கல்யாணம் பண்ணியிருக்கும். பாப்பாவுக்கு நாலுமே இல்லாமப் போயிருக்குங்க."

"மிச்சம் ரெண்டு?"

"அது உங்ககிட்டருந்து போகவே முடியாது."

வர்ஷினி தாளைப் பார்த்தாள். குழந்தைகளுக்கு இயற்பியல் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். இதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிக்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

"அப்படீன்னா அவருக்கும் இருக்கணும். ஆனா அவரு இன்னும் ரத்தமே குடுக்கலைங்களே."

கெசியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள். படித்தாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, "அவங்க ரிப்போர்ட்டைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாதுங்க மேடம்" என்றாள்.

"குடுக்காத ரத்தத்துக்கு ஏதுங்க ரிப்போர்ட்?"

கெசியாவின் முகம் சிவந்துவிட்டது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. "அவரையே கேளுங்க, ப்ளீஸ்" என்றாள் தாழ்ந்த குரலில்.

திரும்பி வரும் வழியில் பல்லடம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கச் சொல்லிக் கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். வர்ஷினி காதில் விழவில்லை. நனைந்தபடியே வந்தாள். குழந்தை போனபோது அழுதிருக்கிறாள், ரிப்போர்ட் வந்தபோது கூசியிருக்கிறாள். இப்போது அந்த இரண்டும் இல்லை. காது மடல்வரை கொதித்தது.

வீட்டுக்குப் போகவில்லை. காங்கேயம் ரோட்டில் மிதுனின் கொப்பரைக் களத்திலேயே இறங்கிவிட்டாள். மழை அங்கே வரவில்லை. அரைத்தேங்காய்கள் வாய் பிளந்தபடி களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தன. வானத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். மிதுன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க எப்ப ரத்தம் குடுத்தீங்க?"

அவன் கயிற்றை விடவில்லை. "யாரு சொன்னா?"

"எப்பன்னு கேட்டேனுங்க."

"நீ குடுத்துப் பத்து நாள் கழிச்சு."

"ரிப்போர்ட் எப்ப வந்துச்சு?"

அவன் அள்ளிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தான். அவர்கள் காதில் விழாத தூரத்தில்தான் இருந்தார்கள். "அன்னைக்கேதான்" என்றான்.

"என்றது வந்த அன்னைக்கேவா?"

"உன்றது வந்து பத்து நிமிசத்துல."

இரண்டு ரிப்போர்ட். பத்து நிமிட இடைவெளி. இரண்டிலும் ஒரே வரி. அதில் ஒன்றை மட்டும் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். வர்ஷினியின் குரல் களத்தின் கடைசிவரை கேட்டது.

"ஏனுங்க, எப்படீங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"கத்தாதே. கேளு. பிரியாவுக்கு வரன் வந்துட்டிருக்குது, உனக்கே தெரியும். எனக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா அவளுக்கும் இருக்கும்பாங்க. குடும்பத்துக்கே பேராகிப்போயிரும். உன்றது ஒண்ணோட போச்சுன்னா..."

"என்றதுன்னா போகலாம்."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றீங்க? பிரியாவுக்கும் இருக்கலாம்னு உங்களுக்கே தெரியுது. அவகிட்டயும் சொல்லாமக் கட்டிக் குடுத்துப்போட்டு, அவளும் ஏழாம் மாசம் என்னைய மாதிரி ஸ்கேன் மேசையில படுத்துக் கெடக்கட்டும்னு உட்டுருவீங்களா?"

மிதுன் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினான். தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"ஞாயித்துக்கெழமை எங்கப்பா வாரப்ப நீங்களே சொல்லிப்போடுங்க. நீங்களாச் சொல்லணும். நான் சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமலைசாமி ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். முன்கூடத்தில் சுப்பண்ணன், அவருடைய பெரியப்பா மகன் கதிரேசன், மிதுன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் கொஞ்சநேரம் பேசினார்கள். கதவுக்கு உள்பக்கம் வர்ஷினியும் சென்னியம்மாளும் மோகனப்பிரியாவும் நின்றிருந்தார்கள்.

பிறகு கதிரேசன் தொண்டையைச் செருமினார். "உங்களுக்குத் தெரியாததில்லீங்க. புள்ளை நல்ல புள்ளைங்க. கொணத்துல ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. ஆனா ரத்தத்துலயே இப்படிப் பழுது இருக்குதுங்கறப்ப, நாங்க வம்சத்தைப் பாக்கணுமில்லீங்களா? ரெண்டு பக்கமும் மனசு நோகாமப் பேசி முடிச்சுக்கலாமுங்க."

இந்த மண்ணில் யாரும் யாரையும் மரியாதையில்லாமல் பேசிவிட மாட்டார்கள். ஒரு பெண்ணைக் குப்பையில் கொட்டுவதானாலும் சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுத்தான் கொட்டுவார்கள்.

திருமலைசாமி துண்டை மடியில் வைத்துக் கசக்கினார். "எங்க புள்ளையில ஒரு கொறை இருக்குதுன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நாங்க மறைச்சிருக்க மாட்டோமுங்க. நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்றார்.

அப்பாவின் வாயிலிருந்து 'கொறை' என்ற சொல் வந்ததைத்தான் வர்ஷினியால் தாங்க முடியவில்லை. கதவின் இடுக்கு வழியாக மிதுனைப் பார்த்தாள். அவன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதிரேசன் பெருந்தன்மையோடு கையை ஆட்டினார். "அட, உங்க மேல தப்பில்லீங்க. எங்க மேலதான் தப்பு. சந்தையில மாடு புடிக்கப் போனா சுழி பாத்துப் புடிக்கறோம், பல்லுப் பாத்துப் புடிக்கறோம். பொண்ணு எடுக்கறப்ப ரத்தம் பாக்காம உட்டுப்போட்டோம்."

வர்ஷினி வெளியே வந்தாள்.

"மாட்டுக்கு மட்டுந்தான் சுழி பாப்பீங்களாங்க பெரிய மாமா? காளைக்குப் பாக்க மாட்டீங்களா?"

சுப்பண்ணன், "நீ உள்ளே போ அம்மணி. பெரியவங்க பேசிட்டிருக்கறோமில்ல" என்றார்.

"பேசுங்க மாமா. முழுசாப் பேசுங்க. இந்த ரிப்போர்ட்ல கடைசி வரி ஒண்ணு இருக்குது. கணவருக்கும் இதே டெஸ்ட் எடுக்கணும்னு இருக்குது. வட்டம் போட்டவங்க அதுக்கு ஏனுங்க வட்டம் போடல?" பிறகு மிதுன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

அவன் நிமிரவில்லை.

"ரெண்டு நாள் குடுத்தனுங்க. இன்னும் எத்தனை நாள் வேணும்? எங்கப்பா உங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டு உக்காந்திருக்கறாரு. அதையும் பாத்துட்டு எப்படீங்க அந்தக் காப்பி உங்களுக்கு உள்ளே எறங்குது?"

"என்ன கண்ணு மிதுனு, என்ன சொல்றா இவ?" என்றார் சுப்பண்ணன்.

மிதுன் டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கும் இருக்குதுங்கப்பா" என்றான். "அதேதான். அன்னைக்கே வந்துச்சு."

சுப்பண்ணனின் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. வர்ஷினி நான்கு கோட்டுக் கணக்கை அவர்களுக்கும் சொன்னாள். ஒருத்தரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததால்தான் போனது என்று வகுப்பில் சொல்வதுபோலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கதிரேசன்தான் முதலில் சுதாரித்தார். "செரி உடுங்க. ரெண்டு பேருக்குமே இருக்குதுன்னா அது ஆண்டவன் போட்ட கணக்கு, நம்ம என்ன பண்ண முடியும்? இப்பத்தான் எத்தனையோ வைத்தியம் வந்துருக்குதே. இதைப் பெருசு பண்ண வேண்டாமுங்க. சம்பந்தி, இலை போடச் சொல்லட்டுங்களா?"

வர்ஷினிக்கு மாடு என்று சொன்னபோது வந்த கோபத்தைவிட இது பெரிதாக இருந்தது.

"அரைமணி நேரத்துக்கு முன்னாடி எனக்கு இருந்தப்ப அது பழுது. இப்ப அவருக்கும் இருக்குதுன்னதும் ஆண்டவன் கணக்கு ஆயிருச்சுங்களா? ரத்தம் அதேதானுங்க. டெஸ்ட்டும் அதே டெஸ்ட்தானுங்க."

அவள் மிதுனிடம், "என்றதைப் போட்ட அதே குரூப்ல உங்களதையும் போடுங்க. இப்பவே. நான் பாக்கணும்" என்றாள்.

"வர்ஷினி, பிரியா விசயம்..."

"போடுண்ணா" என்றது ஒரு குரல். மோகனப்பிரியா கதவைத் தாண்டி வந்து நின்றாள். அழுதிருந்தாள். "என்னைக் காப்பாத்தறேன்னு சொல்லி இதைப் பண்ணாதே. எனக்கு இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரிய வேண்டாமா? நான் என்ன, கண்ணைக் கட்டிக் கூட்டிப்போற கன்னுக்குட்டியா?"

மிதுன் போனை எடுத்தான். அனுப்பினான். வர்ஷினியின் போன் அவள் கையிலேயே ஒருதரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு பொம்மையும் வரவில்லை.

அவள் துணிமணிகளை எடுத்து வைத்தபோது சென்னியம்மாள் அறைக்கு வந்தார். "இதான் எல்லாம் செரியாப் போச்சே கண்ணு. இப்ப எதுக்குப் பொட்டி கட்டறே?"

"எதுங்க அத்தை செரியாப் போச்சு?" என்றாள். சென்னியம்மாள் பெட்டியில் வைக்கச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

காங்கேயம் போகும் வழியில் திருமலைசாமி காரை ஓரமாக நிறுத்தினார். "நான் அங்கே அப்படிப் பேசியிருக்கக் கூடாது சாமி. பயந்துபோயிட்டேன்" என்றார். அவளுக்கு அப்பா மேலும் கோபம்தான். ஆனாலும் அவர் ஒருவராவது தன் தப்பை வாய்விட்டுச் சொன்னார். "வண்டியை எடுங்கப்பா" என்றாள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. வர்ஷினி காங்கேயத்திலிருந்தே பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருகிறாள். இரும்பு மாத்திரைகளை நிறுத்தியாகிவிட்டது. கெசியா சொல்லி எடுத்த டெஸ்ட்டில் அவள் உடம்பில் இரும்பு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. தங்கள் பள்ளியில் 'ரத்தம் கம்மி' என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகளிடம், ஒருதரம் இரும்பின் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். எதற்கு வம்பு டீச்சர் என்று தலைமையாசிரியை கேட்டார். வம்புதான் மேடம் என்றாள்.

மிதுனும் அவளும் ஒருதரம் டாக்டர் விமலாராணியைப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை கரு தங்கும்போதும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு, மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் விளக்கினார். வெளியே வந்ததும் மிதுன், "எப்ப ஊட்டுக்கு வாரே?" என்று கேட்டான். "பயத்துல பண்ணிப்போட்டேன்னு சொல்றீங்க. நம்பறேனுங்க. ஆனா இன்னொரு நாள் இன்னொரு பயம் வரும். அப்ப எதை அனுப்புவீங்க, எதை மறைப்பீங்கன்னு எனக்குத் தெரியலை" என்றாள் அவள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயம் வந்து போகிறான். அவள் காப்பி கொடுத்து, பேசி அனுப்புகிறாள். அதற்கு மேல் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று அவள் அவசரப்படவும் இல்லை.

மோகனப்பிரியாவை ரத்தம் கொடுக்க ஆர்.எஸ்.புரம் கூட்டிப்போனது வர்ஷினிதான். அவளும் கேரியர்தான். ரிப்போர்ட் மோகனப்பிரியாவின் மெயிலுக்கே வந்தது. அவள் அதைத் தன் கையால் தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, "உங்க பையனும் ஒருக்கா டெஸ்ட் எடுக்கட்டுங்க, அப்பறம் பேசலாம்" என்றாள். அவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்க விடாமல் அனுப்பிவைத்தார்கள்.

அடுத்து ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மறுபேச்சில்லாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, ஊசி குத்திய இடத்துப் பஞ்சோடு கையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. "எதுவா வந்தாலும் இவரு பரவால்லைங்க அண்ணி" என்று மோகனப்பிரியா போனில் சொன்னாள்.